ஷ்பானியா டோலினா: செம்பு எடுத்துத் தீர்ந்த ஒரு மலைக்கிராமம்

செவ்வாய், பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா

பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகரின் பெரிய சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் வீடுகள் பெருவணிகர்களின் மிடுக்கோடு கட்டப்பட்டவை. ஸ்லோவாக்கியாவின் நடுவே, மலைகளுக்கு இடையில், ஹ்ரோன் ஆற்றங்கரையில் ஒதுங்கியிருக்கும் ஓர் ஊருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வடக்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், இன்று ஏறத்தாழ 200 பேர் மட்டுமே வாழும் ஷ்பானியா டோலினா என்ற கிராமத்தில் போய் நிற்கிறோம். நான் பார்க்க வந்திருப்பது அந்தக் கிராமத்தைத்தான். ஆனால் அங்கே தோண்டியதற்கான வரவு செலவு முழுவதும் இந்த நகரத்தில்தான் எழுதப்பட்டது என்பதால், இன்றைய நாளை இங்கேயே செலவிட்டேன்.

ஹங்கேரி அரசர் நான்காம் பேலா 1255இல் இவ்வூருக்கு நகர உரிமைகளை வழங்கினார். ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகள் சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தார்கள். ஆயினும் ஐரோப்பா முழுவதும் இவ்வூரின் பெயர் தெரிந்தது 1494க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் இரு குடும்பங்கள் கூட்டு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவர் லெவோச்சாவில் பிறந்து கிராகோவில் வணிகம் செய்த யான் துர்ஸோ. சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றவும், செம்பிலிருந்து வெள்ளியைப் பிரிக்கவும் அறிந்தவர். மற்றவர் ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த யாக்கோப் ஃபுக்கர். அரசர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணம் வைத்திருந்தவர். சுரங்கங்களை ஹங்கேரியின் பேச் நகர ஆயரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். பிறகு ஃபுக்கர் வீட்டுப் பெண்ணைத் துர்ஸோ குடும்பத்துக்கும், துர்ஸோ வீட்டுப் பெண்ணை ஃபுக்கர் குடும்பத்துக்கும் மணம் முடித்து உறவையும் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து வணிகம் வளர்ப்பது எல்லா ஊர்ச் செல்வர்களுக்கும் பொதுவான வழக்கம் போலிருக்கிறது.

இவர்களுடைய இலாபத்தின் பெரும்பகுதி உலைக்களத்தில் பிறந்தது. இங்கே கிடைத்த செம்பில் வெள்ளி கலந்திருந்தது. அதனோடு ஈயத்தைச் சேர்த்து உருக்கினால், வெள்ளி செம்பை விட்டுவிட்டு ஈயத்தோடு சேர்ந்துகொள்ளும். ஈயம் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால், கலவைக் கட்டியை மறுபடி மெல்லச் சூடாக்கும்போது அது வெள்ளியையும் சுமந்துகொண்டு ஒழுகிவிடும். பிறகு ஈயத்தைத் தனியே எரித்து நீக்கினால் வெள்ளி மிஞ்சும். பக்கத்திலுள்ள தாயோவ் கிராமத்தில் இதற்கென்றே உருக்காலை கட்டினார்கள். செம்புக்கு ஒரு விலை, அதே பாறையிலிருந்து வந்த வெள்ளிக்கு வேறொரு விலை.

சதுக்கத்தில் துர்ஸோ வீடு இன்றும் இருக்கிறது; அதில் இப்போது மத்திய ஸ்லோவாக்கிய அருங்காட்சியகம் இயங்குகிறது. கோட்டைப் பகுதியிலுள்ள மாதா தேவாலயத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவுக்கு, லெவோச்சாவின் சிற்பி பாவோல் பட்டறையில் 1509இல் செய்யப்பட்ட மரப்பீடம் உள்ளது. பூமிக்குள் இறங்குவோருக்கான தெய்வத்துக்கு இவ்வளவு பொன்முலாம் பூச முடிந்த ஊர், அவர்களுக்குக் கூலி கொடுக்கும்போது எப்படி நடந்துகொண்டது என்பதை நாளை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து கிளம்பிய செம்பு மலைகளைக் கடந்து கிராகோவுக்கும், விஸ்துலா ஆற்றில் க்தான்ஸ்க் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கடல் வழியே ஆண்ட்வெர்ப்புக்கும் சென்றது. ஆண்ட்வெர்ப்பில் அதை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் போர்த்துக்கீசியர்கள். மலபார்க் கரையில் மிளகு வாங்க அவர்கள் கொண்டுவந்த பொருள்களில் செம்புக்கு முதன்மையான இடம் இருந்தது. 2008இல் நமீபியாவின் கடற்கரையில், வைரம் தோண்டும் பகுதியில், மணலுக்கடியிலிருந்து ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் வெளிப்பட்டது. 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமற்போன 'போம் ஜெசுஸ்' அதுவே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் 1,800க்கும் மேற்பட்ட செம்புக் கட்டிகள் இருந்தன. அவற்றின் மேல் ஃபுக்கர் நிறுவனத்தின் திரிசூல முத்திரை. கட்டிகளிலுள்ள ஈயத்தின் தன்மையைச் சோதித்தபோது, அந்தச் செம்பு ஸ்லோவாக்கியத் தாதுமலைகளிலிருந்து வந்தது தெரிந்தது. கரை சேர்ந்திருந்தால் அது கொச்சியிலோ கோவாவிலோ இறங்கி, பாத்திரமாகவோ காசாகவோ நம் பக்கத்து ஊர்ச் சந்தைகளில் புழங்கியிருக்கும்.

புதன், ஷ்பானியா டோலினா

நகரத்திலிருந்து பேருந்து பள்ளத்தாக்கு வழியே வடக்கே சென்று, பிறகு ஒரு குறுகிய சாலையில் மேலே ஏறுகிறது. கடைசி வளைவு திரும்பியதும் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. 700 மீட்டருக்கு மேலான உயரத்தில், மூன்று பக்கமும் சரிவுகள் சூழ்ந்த ஒரு குழி. அதன் அடியில் சிறிய சதுக்கம். சரிவுகளில் ஏறிச் செல்லும் மரவீடுகள். எதிர்மேட்டில் மதில் சூழ்ந்த தேவாலயம். வீடுகளுக்கு நேர் மேலே, மரங்களுக்கு நடுவில், சாம்பலும் பழுப்பும் கலந்த மொட்டையான ஒரு குன்று நிற்கிறது. இயற்கையாக அமைந்த குன்றென்றே எவரும் நினைப்பார்கள். மாக்ஸிமிலியான் என்ற சுரங்கக் கிணற்றிலிருந்து பல தலைமுறையினர் வெளியே கொட்டிய கல்தான் அது. இவ்வகைக் கழிவுமேட்டை இங்கே 'ஹால்டா' என்கிறார்கள். ஊரே அதன் காலடியில் அமர்ந்திருக்கிறது.

சதுக்கத்தை ஒட்டியுள்ள மணிக்கூண்டு போன்ற கட்டடத்தின் பெயர் க்லோபாச்கா. அதில் மணி கிடையாது. தொங்கவிட்ட மரப்பலகையை மரச்சுத்தியலால் தட்டி, வேலைக்கு இறங்கும் நேரத்தை அறிவிப்பார்கள். சுரங்கத்தில் எவராவது இறந்துவிட்டால் அதையும் அதே பலகைதான் தெரிவிக்கும். ஸ்லோவாக்கியாவின் சுரங்க ஊர்களில் பலவற்றில் இத்தகைய கட்டடம் உண்டு.

சதுக்கத்திலிருந்து தேவாலயத்துக்குச் செல்லக் கூரை வேய்ந்த ஒரு மரப்படிக்கட்டு இருக்கிறது; 150க்கும் மேற்பட்ட படிகள். உள்ளே நுழைந்ததும் பழைய மரத்தின் வாடையும் இருட்டும் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. பலகை இடுக்குகளில் கம்பி கம்பியாக வெளிச்சம் விழுகிறது. படிகளின் நடுப்பகுதி காலடி பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கிறது. பனிக்காலத்தில் வழுக்காமல் ஏறுவதற்காகக் கூரை போட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். மேலே இயேசுவின் உருமாற்றத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேவாலயம். அடித்தளம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதில், துருக்கியப் படையெடுப்பு குறித்த அச்சம் நிலவிய காலத்தின் நினைவு.

தொழிலாளர் வீடுகளைச் சுற்றிப் பார்த்தேன். கீழே கல் அடித்தளம், மேலே மரக்கட்டைச் சுவர், பக்கவாட்டில் மரத்தாழ்வாரம். சரிவு செங்குத்தாக இருப்பதால் ஒரு வீட்டின் பின்வாசல் மேல்தளத்திலும் முன்வாசல் கீழ்த்தளத்திலும் அமைகிறது. வெளியிலிருந்து பார்ப்பதற்கு வீடுகள் பெரிதாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. விவசாயம் செய்யத் தட்டையான நிலம் என்று எதுவும் இங்கில்லை. கூலி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

அந்தக் கூலிதான் 1525இல் கலகத்துக்குக் காரணமானது. அரசர் இரண்டாம் லாயோஷின் ஆட்சியில் வெள்ளிக்காசுகளில் வெள்ளியின் அளவைக் குறைத்துவிட்டார்கள். தொழிலாளருக்கு எண்ணிக்கையில் அதே கூலி கிடைத்தது. சந்தையில் அதற்குக் கிடைத்த தானியமோ குறைந்துகொண்டே போனது. வெள்ளியைச் செம்பிலிருந்து கடைசித் துளிவரை பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களிடம் வேலை செய்தவர்களுக்கு, வெள்ளி இல்லாத காசு கூலியானது. பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா வட்டாரச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தி, ஆயுதம் ஏந்தி நகரத்துக்குள் புகுந்தார்கள். அதே கோடையில் அரசரும் ஃபுக்கர்களுடைய சுரங்கங்களைப் பறிமுதல் செய்து, பின்னர் திருப்பிக் கொடுத்தார். 1526 ஆகஸ்ட் மாதத்தில் துருக்கியருடன் நடந்த மொஹாச் போரில் அரசரே மாண்டுபோனார். கலகம் ஒடுக்கப்பட்டது. ஃபுக்கர்கள் 1546 வரை இங்கே தொழில் நடத்திவிட்டு, துருக்கியர் நெருங்கிவர, இலாபமும் குறைய, குத்தகையை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் இருந்தது ஐம்பது ஆண்டுகள்தான். சுற்றுலாக் கையேடுகள் ஊரின் வரலாற்றையே அவர்களோடு தொடங்கி அவர்களோடு முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சுரங்கம் அவர்களுக்குப் பிறகு மேலும் மூன்றரை நூற்றாண்டுகள் ஓடியது.

வியாழன், ஷ்பானியா டோலினா

இன்று முழுவதும் தண்ணீரைப் பற்றிய கதை.

நம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோரும் செய்த சோதனை ஒன்று உண்டு. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால், சற்று நேரத்தில் ஆணியின் மேல் செந்நிறப் படலம் ஒட்டும். நீலக் கரைசல் மெல்ல வெளிறிப் பச்சையாகும். கரைசலிலிருந்த செம்பு வெளியேற, இரும்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மயில்துத்தம் அன்னபேதியாகிறது. ஷ்பானியா டோலினாவின் சுரங்கத்தில் இதே மாற்றம் எவருடைய ஏற்பாடும் இன்றித் தானாகவே நடந்துகொண்டிருந்தது. காற்றும் மழைநீரும் படும் இடங்களில் கந்தகம் கலந்த செம்புத் தாது மெல்ல மெல்ல மயில்துத்தமாகக் கரைந்து, பாறை வெடிப்புகளின் வழியே நீலப்பச்சை ஊற்றாக ஒழுகியது. அங்கே மறந்து விட்டுவிட்ட இரும்புக் கருவிகளைச் சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தவர்கள், அவை செம்பாகிக் கிடப்பதைக் கண்டார்கள்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தொழிலாகவே செய்யத் தொடங்கினார்கள். ஊற்று நீரைத் தொட்டிகளிலும் மரவாய்க்கால்களிலும் தேக்கி, உடைந்த இரும்புத் துண்டுகளை அதில் இட்டுவைப்பார்கள். இரும்பு கரையக் கரைய, அதே வடிவத்தில் செம்பு படிந்துகொண்டே வரும். இப்படிக் கிடைத்தது மிகத் தூய செம்பு. கல்லை உடைத்து, வறுத்து, பலமுறை உருக்கிப் பெறுவதைவிடச் செலவும் மரக்கரியும் மிகக் குறைவு. அக்காலத்து ஐரோப்பாவில் இரும்பைச் செவ்வாய்க் கோளோடும் செம்பை வெள்ளிக் கோளோடும் தொடர்புபடுத்திப் பேசிய ரசவாதிகளுக்கு, ஒரு உலோகம் இன்னொன்றாக மாறும் என்ற தங்கள் நம்பிக்கைக்கு இந்த மலையே சாட்சி சொல்வது போல இருந்தது. 1669இல் எட்வர்ட் பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த ஊருக்கு வந்து, சுரங்கத்துக்குள் இறங்கி, இந்த ஊற்றுகளைப் பார்த்து விரிவாக எழுதிவைத்திருக்கிறார். நிலத்தடியில் தெருக்களும் அறைகளுமாக ஒரு நகரமே இருப்பதைக் கண்டு அவர் வியந்ததில் வியப்பில்லை. மேலே இருக்கும் ஊரைவிடக் கீழே இருந்த ஊர் பன்மடங்கு பெரியது.

இந்தச் செம்பில் செய்த கிண்ணங்கள்தான் ஊரின் பெயரைத் தொலைதூர அரண்மனைகளுக்குக் கொண்டுபோயின. ஜெர்மன் மொழியில் ஊரின் பெயர் ஹெரன்க்ருண்ட் என்பதால், சேகரிப்பாளர்கள் இவற்றை ஹெரன்க்ருண்ட் கிண்ணங்கள் என்றே அழைக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. உட்புறம் பொன்முலாம், வெளியே செம்பின் நிறம் தெரியும்படி வெள்ளி வேலைப்பாடு. சிலவற்றின் அடியில் சிறு தாதுக்கல்லும், அதன் மேல் சுத்தியலோ கூடையோ ஏந்திய விரலளவு சுரங்கத் தொழிலாளியும் பதிக்கப்பட்டிருப்பார்கள். குடிக்கக் குடிக்க மதுவின் அடியிலிருந்து அந்த மனிதன் மேலெழுந்து வருவான். விளிம்பைச் சுற்றி ஒரு வாசகம் எழுதியிருப்பார்கள். அடிக்கடி காணப்படும் வாசகம் இது: "இரும்பாய் இருந்தேன், செம்பாய் இருக்கிறேன், வெள்ளியைச் சுமக்கிறேன், பொன் என்னை மூடுகிறது." லண்டன், புடாபெஸ்ட் அருங்காட்சியகங்களில் இக்கிண்ணங்கள் உள்ளன. ஊரில் சுரங்க மரபைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று நடத்தும் செம்பு அருங்காட்சியகத்தில் இந்தக் கதையைக் கருவிகளோடும் தாதுக்கற்களோடும் விளக்குகிறார்கள். கற்களில் நீலப்பச்சை ஊசிகளாகப் பூத்திருந்த ஒரு கனிமத்துக்கு, ஒரு காலத்தில் ஹெரன்க்ருண்டைட் என்று இவ்வூர்ப் பெயரையே வைத்திருந்தார்கள். இப்போது அதன் பெயர் டெவில்லின்.

அங்கிருந்த முதியவர் என்னைப் பார்த்ததும் "ஸ்தார் போஹ்" என்றார். சுரங்கத் தொழிலாளர் ஒருவருக்கொருவர் கூறும் முகமன் அது. அவர் சுரங்கத்தில் வேலை செய்தவரில்லை. அவருடைய தாத்தாவும் செய்திருக்க வாய்ப்பில்லை. சுரங்கம் மூடியே 130 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வணக்கம் மட்டும் மூடப்படவில்லை.

வெள்ளி, பியெஸ்கி வழியாக நடை

காலையில் ஊருக்கு மேலே ஏறி, காட்டு வழியே பியெஸ்கி என்ற பழைய சுரங்கக் குடியிருப்புக்கு நடந்தேன். இந்தச் சரிவுகளில்தான் ஊரின் மிகப் பழைய தடயங்கள் கிடைத்தன. முட்டை வடிவில், நடுவே பள்ளம் செதுக்கிய கற்சுத்தியல்கள் அவை. பள்ளத்தில் கயிற்றையோ வாரையோ சுற்றிப் பிடி கட்டிப் பாறையை உடைத்திருக்கிறார்கள். உலோகக் கருவிகளே அரிதாக இருந்த செம்புக்காலத்தில், கல்லைக்கொண்டு கல்லை உடைத்துச் செம்பு தேடியவர்களின் கருவிகள் என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். ஃபுக்கர்களின் அரை நூற்றாண்டைப் பற்றி நேற்று முன்தினம் நான் குறைப்பட்டுக்கொண்டதன் காரணம் இதுதான்.

பாதை நெடுகத் தரை இயல்பாக இல்லை. காட்டுக்குள் திடீர் திடீரென வட்டமான பள்ளங்கள். இடிந்து தூர்ந்த கிணறுகளின் வாய்கள். புல் முளைத்த மேடுகள் எல்லாம் பழைய ஹால்டாக்கள். எது மலை, எது மனிதன் கொட்டியது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டும் கலந்துவிட்டன.

இன்னொரு தடயம், மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய மட்டமாகவே செல்லும் ஒரு தடம். அது ஒரு காலத்தில் வாய்க்கால். சுரங்கம் ஆழமாக ஆழமாக, தாதுவை மேலே இழுக்கவும், அதை இடித்துப் பொடியாக்கவும் பெரிய நீர்ச்சக்கரங்கள் தேவைப்பட்டன. இந்த உயரத்திலோ அவற்றைச் சுழற்றப் போதுமான ஓடை இல்லை. ஆகவே தாழ் தாத்ரா மலைத்தொடரின் பிரஷிவா மலைச்சரிவிலிருந்து, 30 கிலோமீட்டருக்கும் மேல், மலைகளின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் மண்ணில் வெட்டியது, சில இடங்களில் கல் அடுக்கியது, பள்ளம் வந்த இடங்களில் மரத்தொட்டிகளைக் கோத்தது. நீர்மட்டம் பார்க்க இன்றுள்ள கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், நீர் நிற்காமலும் சீறிப் பாயாமலும் அத்தனை தூரம் வரும்படி வாட்டம் கணித்தவர்களின் பெயர் எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை. இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் மிகப் பெரிய சாதனை என்று இதையே சொல்வேன்.

காடுகளும் தப்பவில்லை. உலைக்கு மரக்கரி, சுரங்கத்தைத் தாங்க மரத்தூண், வீட்டுக்கு மரம் என எல்லாவற்றுக்கும் இதே சரிவுகளை வெட்டினார்கள். மரம் தீர்ந்தால் செம்பும் நின்றுவிடும் என்ற கவலையில், 1565இல் மாக்ஸிமிலியான் மன்னர் இந்த வட்டாரக் காடுகளுக்கென ஒரு சட்டத்தைப் பிறப்பித்தார். வடக்கே இன்று பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற டோனோவாலி ஊரும், இந்தச் சுரங்கங்களுக்கு மரம் வெட்டவும் கரி சுடவும் வந்து குடியேறியவர்களால் உருவானதுதான்.

சனி, ஷ்பானியா டோலினா

சுரங்கம் 1888இல் மூடப்பட்டது. நல்ல தாது குறைந்துபோயிருந்தது. கடல் கடந்து வந்த மலிவான செம்போடு போட்டியிட முடியவில்லை. ஆண்கள் காட்டு வேலைக்கும் வெளியூர்களுக்கும் போனார்கள். பெண்கள், ஏற்கெனவே வீட்டில் செய்துவந்த லேஸ் பின்னலைப் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். உருளைத் தலையணையின் மேல் மாதிரித்தாளை விரித்து, ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய டஜன் கணக்கான சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பின்னும் வேலை அது. இன்று ஒரு வீட்டின் முன்னறையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்த மூதாட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் மெல்லிய சத்தம் ஓயவே இல்லை. அவருடைய கண்கள் ஊசிகளைப் பார்க்கவும் இல்லை, ஜன்னல் வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஊர் இன்று இத்தனை அழகாக இருப்பதற்குக் காரணம் வறுமை என்றே நினைக்கிறேன். புதிய வீடு கட்டவோ பழையதை இடிக்கவோ பணம் இல்லாததால் மரவீடுகள் அப்படியே எஞ்சின. பிறகு அரசு இவ்வூரை நாட்டார் கட்டடக்கலைக்கான பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. நகரத்தார் வீடுகளை வாங்கி வாரயிறுதி இல்லங்களாக்கினார்கள். சுரங்கம் ஓடிய நாள்களில் புகையும் சேறும் சுத்தியல் இரைச்சலும் நிறைந்திருந்த இடம், இப்போது ஜன்னல்தோறும் பூந்தொட்டிகளோடு இருக்கிறது. குறை சொல்லவில்லை, ஆனால் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கழிவுமேட்டை இயற்கைக் காட்சியாக எண்ணிப் படமெடுத்துச் செல்கிறார்கள்.

மாலையில் அந்த மாக்ஸிமிலியான் மேட்டில் ஏறினேன். கால் வைத்தால் கல் சரிகிறது. சில கற்களின் விரிசல்களில் மாலகைட் என்ற செம்புக் கனிமத்தின் பச்சைப் பூச்சு. நூற்றாண்டுகள் கடந்தும் இதன் மேல் காடு மூடவில்லை; ஆங்காங்கே குட்டையான பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் பாசியும் மட்டுமே பிடித்திருக்கின்றன. செம்போடு ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் இந்தக் கற்களில் உண்டு. மண்ணிலும் ஓடை நீரிலும் அவை கலந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். பாறையில் சுண்ணாம்புத்தன்மை கொண்ட கனிமங்கள் இருப்பதால், பல சுரங்க ஊர்களைப் போல இங்கே நீர் அமிலமாக மாறவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இங்கு வர விரும்புவோருக்கு: பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் வாரயிறுதியில் குறைவு, திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறுவதற்குப் பிடிமானமுள்ள காலணி அவசியம். காட்டில் குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். தூர்ந்த கிணறுகளின் மேல் இலைச்சருகு மூடியிருக்கும். பச்சைக் கற்களைக் கையில் எடுத்துப் பார்த்தால், சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.